சாவுக்குருவி யார்?

வணக்கம். கோபம் ஆறுவதற்குள் பேசிவிடுகிறேன். போன வீடியோவில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்ததே ஒரு கூகை, அதாவது ஆந்தை, அதன் மேல் நேற்று பக்கத்து வீட்டு மாமா கல்லெறிந்துவிட்டார். கேட்டால், "சாவுக்குருவி, வீட்டுக்கு ஆகாது" என்கிறார்.

இதே மாமாதான் பித்தவெடிப்புக் காலோடு நாற்றங்கால் சேற்றில் இறங்குகிறவர்! எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா இருக்கும், எலிக்காய்ச்சல் பாக்டீரியா. தோலில் ஒரு கீறல் போதும், உள்ளே புகுந்துவிடும். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு. சாவுக்குருவிப் பட்டத்தை அதற்கல்லவா கொடுக்க வேண்டும்?

இரண்டுக்கும் பிழைப்பு எலிதான். கூகை எலியைப் பிடித்து விழுங்குகிறது. பாக்டீரியாவோ எலியின் சிறுநீரகத்திலேயே குடித்தனம் நடத்துகிறது, எலிக்குப் பெரிய தொந்தரவும் கிடையாது. கூகை எலியைத் தின்றால் ஒரு குடித்தனம் காலி.

நான் பூட்ஸ் வாங்கிவிட்டேன். கடைக்காரர் 650 ரூபாய் சொன்னார். இரண்டு முறை படியிறங்கிப் போவதுபோல் நடித்து 520க்கு முடித்தேன். அந்தப் பெருமையில் அளவு பார்க்கவில்லை, ஒரு எண் பெரிது. வயலில் நாலாவது அடியில் கால் வெளியே வந்துவிட்டது, பூட்ஸ் சேற்றிலேயே நிற்கிறது! 520 ரூபாய்!

எதில் விட்டேன்? ஆம், கூகையும் பாக்டீரியாவும். இரண்டுக்கும் இருட்டோடு ஒரு சம்பந்தம் உண்டு. கூகையின் இடது காதும் வலது காதும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால்தான் கும்மிருட்டிலும் சத்தத்தை மட்டும் வைத்து எலி இருக்கும் இடத்தைக் குறிபார்க்கிறது. லெப்டோஸ்பைராவின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உயிரோடு பார்க்க வேண்டுமானால் பின்னணியை இருட்டாக்கிய நுண்ணோக்கி வேண்டும். நுனி கொக்கிபோல் வளைந்து கேள்விக்குறி மாதிரி இருப்பதால், 1907இல் அதற்கு 'இன்டரோகன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

ஐயோ, முக்கியமானதை மறந்துவிட்டேன். தொட்டிக்கு அடியில் கூகை கக்கிய உருண்டை ஒன்று கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். சாம்பல் நிற மயிருக்குள் மூன்று எலி மண்டையோடுகள், மஞ்சள் முன்பற்கள்கூட உதிரவில்லை. மாமாவிடம் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்று இரவும் கூகை வந்தால் படம் பிடிக்கிறேன். மாமா வீட்டு மாடியில் விளக்கு எரிகிறது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.