சமயமும் தத்துவமும் மேஜர்: வகுப்பில் எதற்கு மதிப்பெண்?

[திரையில்: 120 என்ற எண்]

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். கிறிஸ்தவ லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சமயமும் தத்துவமும் மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்தாலும், அறிவியல், வரலாறு, இலக்கியம் என்று பொதுப்பாடங்கள் கூடவே வரும். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு 1 மணி நேரம் வகுப்பு, வெளியே குறைந்தது 2 மணி நேரப் படிப்பு. அப்படியானால் 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 9 மணி நேரம். ஐந்து பாடம் எடுத்தால் 45. முழுநேர வேலைக்குச் சமம்.

சபையில் வளர்ந்த மாணவர்கள் இந்தக் கணக்கில்தான் முதலில் சறுக்குகிறார்கள். ஞாயிறு பள்ளியில் படித்ததுதானே என்று வருவார்கள். இங்கே வசனம் மனப்பாடமாகத் தெரிவதற்கு மதிப்பெண் இல்லை. அந்த வசனம் ஏன் அப்படிப் பொருள்படுகிறது என்று காட்டுவதற்குத்தான்.

[திரையில்: யோவான் 3:8]

'காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது' என்று தொடங்கும் வசனம், 'ஆவியினால் பிறந்தவன்' பற்றிச் சொல்லி முடிகிறது. தமிழில் இரண்டு சொற்கள். கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே சொல்: ப்நியூமா. அந்தச் சிலேடை மொழிபெயர்ப்பில் கரைந்துபோகிறது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கொய்னே கிரேக்கம் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் அரைகுறைக் கிரேக்கம் ஆபத்து. அகராதியில் காற்று, மூச்சு, ஆவி என்று மூன்று பொருள் கண்டவுடன், அந்தச் சொல் வரும் எல்லா வசனங்களிலும் மூன்றையும் ஏற்றிவிடுவது முதலாண்டுக் கட்டுரைகளின் நிரந்தர வியாதி. 'ஆவி பறக்க இட்லி வந்தது' என்றால் அங்கே யாரும் பரிசுத்த ஆவியைத் தேடுவதில்லை. பொருளைத் தீர்மானிப்பது வாக்கியம். ஆகவே முதலில் பகுதி முழுவதையும் படியுங்கள், பிறகு அதே நூலில் அந்தச் சொல் வரும் மற்ற இடங்கள், அதன் பிறகு அகராதி. விளக்கவுரை நூல்களைக் கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால் உங்கள் கண் போய்விடும், அவர்கள் கண்தான் மிஞ்சும்.

[திரையில்: 1955, 1974]

தத்துவ வகுப்பில் தவறு வேறு மாதிரி. 1955இல் ஜே. எல். மேக்கி என்ற தத்துவவாதி ஒரு கட்டுரை எழுதினார்: கடவுள் சர்வ வல்லவர், முழுவதும் நல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது, இந்த மூன்றும் தர்க்கப்படி ஒன்றாக நிற்க முடியாது என்பது அவர் வாதம். மிச்சிகனில் கால்வின் கல்லூரியில் பாடம் நடத்திவந்த ஆல்வின் பிளாண்டிங்கா, மனிதரின் சுதந்திரத்தை வைத்து இதற்குப் பதில் சொன்னார். அந்தப் பதில் 1974இல் நூலாகவும் வந்தது.

இதை எழுதும் மாணவர்களில் பலர், 'கடவுள் தீமையை ஏன் அனுமதிக்கிறார் என்று பிளாண்டிங்கா விளக்கிவிட்டார்' என்று முடிப்பார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. அந்த மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்கச் சாத்தியம் உண்டு என்று மட்டுமே காட்ட முயன்றார். காரணம் சொல்வது ஒரு வேலை, முரண்பாடு இல்லை என்பது வேறு வேலை. முன்னதன் பெயர் தியோடிசி, பின்னது தற்காப்பு வாதம். இரண்டையும் குழப்பினால், எவ்வளவு அழகாக எழுதினாலும் மதிப்பெண் விழாது.

கிறிஸ்தவக் கல்லூரியில் இன்னொரு வழுக்கல் உண்டு. ஆசிரியரும் விசுவாசி என்பதால் மேக்கியை இரண்டு வரியில் தள்ளிவிடலாம் என்று தோன்றும். மேக்கியே படித்தாலும் 'ஆமாம், என் வாதம் இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி அதை எழுதுங்கள். மறுப்பு அதற்குப் பிறகுதான்.

பட்டத்துக்குப் பின் செமினரி, அதாவது இறையியல் கல்லூரி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரேக்கம் ஏற்கெனவே படித்தவர்களைச் சில செமினரிகள் தகுதித் தேர்வு வைத்து அடுத்த நிலை வகுப்பில் சேர்க்கின்றன. இடைப்பட்ட விடுமுறையில் வினைச்சொல் வாய்பாடுகளை மறந்தவர்கள் மறுபடி ஆல்பாவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். தினம் 15 நிமிடம் ஒதுக்குங்கள்.