கூரைமேல் ஒரு மாடு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அங்கே அந்த வகுப்பில்தான் மாநில வரலாறு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கே வண்டி கட்டிப் போய் நிலம் பிடித்துக் குடியேறியவர்களைப் 'பயனியர்' என்பார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதை, ஒன்பது வயதுப் பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிக்க முடியும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதல் ஆண்டு 'பயனியர் வாழ்க்கை' என்று தலைப்புக் கொடுத்து பிராஜெக்ட் செய்து வரச் சொன்னேன். வந்த அட்டைகள் எல்லாவற்றிலும் அதே கூண்டு வண்டி, அதே வெண்ணெய் கடையும் பானை, புத்தகத்து வரிகள் அப்படியே. பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவ்வளவு பெரிய தலைப்பைக் கையில் கொடுத்தால், பார்த்து எழுதுவதைத் தவிர ஒரு சின்னப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

அடுத்த ஆண்டு தலைப்பே கொடுக்கவில்லை. ஒரு புகைப்படம் கொடுத்தேன். சாலமன் புட்சர் என்பவர் 1886-இல் தொடங்கி நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டி என்ற மாவட்டத்தில் வீடு வீடாகப் போய், கண்ணாடித் தகடுகளில் குடியேறிகளைப் படம் எடுத்தார். 3,000-க்கும் மேற்பட்ட படங்கள். அதில் ஒன்றில், மண் வீட்டு வாசலில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் மேஜை, மேஜையில் தர்பூசணி. பின்னால் வீட்டுக் கூரைமேல் ஒரு மாடு நிற்கிறது!

"சும்மா பாருங்கள். புரியாததை எல்லாம் கேளுங்கள்" என்றேன். மாடு எப்படி அங்கே ஏறியது? மேஜையை ஏன் வெளியே போட்டிருக்கிறார்கள்? ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை? கரும்பலகை நிறையக் கேள்விகள்.

மாட்டுக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கெங்கோ போனார்கள். மேட்டைக் குடைந்து கட்டிய வீடு அது, கூரையும் மேடும் ஒரே மட்டம். கூரையில் புல் முளைத்திருக்கிறது. ஏன் புல்? வேரோடு கலப்பையால் அறுத்தெடுத்த மண்கட்டிகளால்தான் வீட்டையே கட்டினார்கள். ஏன் மரத்தால் கட்டவில்லை? அந்தச் சமவெளியில் மரமே அரிது. சரி, மரம் இல்லையென்றால் அடுப்பெரிக்க என்ன செய்தார்கள்? காட்டெருமைச் சாணம், காட்டெருமைகள் அழிந்தபின் மாட்டுச் சாணம், அதுவும் கிடைக்காதபோது முறுக்கிக் கட்டிய காய்ந்த புல். அதைப் பொறுக்கி வந்தது யார்? பிள்ளைகள்! எருமுட்டை பொறுக்கி வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நெப்ராஸ்காப் பிள்ளைகளுக்கோ அது பெரிய அதிர்ச்சி. தங்கள் வயதுப் பெண் ஒருத்தி தினமும் செய்த வேலை அது என்று தெரிந்த அன்று வகுப்பே அமைதியாகிவிட்டது.

இவ்வளவு கஷ்டமான இடத்துக்கு ஏன் வந்தார்கள் என்று அப்புறம் அவர்களே கேட்டார்கள். 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. முதல் பாடமாக இதை நான் நடத்தியிருந்தால் ஒருவர் மனதிலும் நின்றிருக்காது.

ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் இரண்டு பக்கம் பிரித்தோம். ஒன்றில் 'நான் பார்த்தது', இன்னொன்றில் 'நான் நினைப்பது'. இந்த ஒரு கோடுதான் ஆராய்ச்சிக்கும் பார்த்து எழுதுவதற்கும் உள்ள தூரம் என்று நினைக்கிறேன். 1888 ஜனவரி 12 அன்று அந்தச் சமவெளியில் வீசிய பனிப்புயலைத் தேடலுக்கு எடுத்துக்கொண்ட குழுவுக்கு அந்தக் கோடு மிகவும் உதவியது. காலையில் இதமான வெயில், கனத்த கோட்டு இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பகலில் திடீரென்று புயல். இறந்தவர்கள் 200-க்கும் மேல். பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளும் அதில் உண்டு. மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை தன் மாணவர்களைப் பத்திரமாக வெளியே கூட்டிப்போனார். எல்லோரையும் கயிற்றால் பிணைத்துக் கூட்டிப்போனார் என்றது ஒரு கதை. கயிறே இல்லை என்றது இன்னொன்று. எது சரி என்று என்னிடம் கேட்டார்கள். "இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்றும் எழுதுங்கள்" என்றேன்.

ஒரு நாள் ஒரு சிறுமி படத்தைக் காட்டிக் கேட்டாள்: "இந்த வீடு வருவதற்கு முன்னால் இங்கே யார் விளையாடினார்கள்?" அந்தக் கேள்வி வராமல் இந்தப் பாடத்தை முடித்துவிடக் கூடாது. எங்கள் வகுப்பு, நெப்ராஸ்காவின் பழங்குடிகளில் ஒன்றான பொன்கா மக்களைத் தேடியது. 1877-இல் நையோபிராரா ஆற்றங்கரையிலிருந்து அரசு அவர்களைத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியது. அங்கே அவர்களின் தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகன் இறந்தான். தன் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்பது மகனின் கடைசி ஆசை. 1879 குளிர்காலத்தில் அப்பா அவன் உடலோடு வடக்கே நடந்தார். ராணுவம் கைது செய்தது. ஓமஹாவில் வழக்கு நடந்தது. சட்டத்தின் கண்ணில் செவ்விந்தியரும் 'மனிதர்' என்று நீதிபதி டண்டி தீர்ப்பளித்தார்.

அந்த மகனைப் பற்றி என் பிள்ளைகளுக்கு எழுதக் கிடைத்தது ஐந்தே வரிகள். அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, தர்பூசணிக் குடும்பத்தின் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் ஒட்டினார்கள். அந்த இடத்தை அவர்களேதான் தேர்ந்தெடுத்தார்கள்.

நன்றி, வணக்கம்.