அடகுக் கடையில் ஒரு விசுவாசம்

நடுவர் அவர்களுக்கும், கழுத்தில் சிவப்புத் துண்டோடு எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்கால மேட்ச்சை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"கெட்ட முதலாளியிடம் மாட்டிக்கொண்ட கால்பந்துக் கிளப்புக்கு ரசிகன் விசுவாசம் காட்ட வேண்டிய இடம் மைதானக் கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?" இதுதான் தலைப்பு. எங்கள் அணி வெளியே. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டது, பாவம் என்று எதிரணித் தம்பி அனுதாபப்பட்டார். அப்படியெல்லாம் இல்லை தம்பி, நான் கேட்டு வாங்கிய பக்கம் இது.

எதிரணித் தலைவி அக்கா அழகாக ஆரம்பித்தார். கிளப் என்பது தாய். அப்பன் குடிகாரன் என்பதற்காக அம்மாவை விட்டுவிட்டுப் போவாயா என்று கேட்டார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் அக்கா, அந்த அப்பன் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் அம்மாவைக் கல்யாணமே செய்துகொண்டான் என்றால் என்ன செய்வீர்கள்? நான் கதை விடவில்லை. 2005-ல் மான்செஸ்டரில் நடந்தது அதுதான்.

மால்கம் கிளேசர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் அந்த வருஷம் மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கைப்பற்றினார். கிளப்பின் மதிப்பு ஏறக்குறைய 79 கோடி பவுண்டு. அதில் பாதிக்கும் மேல் கடன் வாங்கிய பணம். ஒரு பகுதிக்குப் பிணை கிளப்பின் சொத்து, இன்னொரு பகுதிக்குப் பிணை கிளப்பின் பங்குகள். அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப் அது. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒருவர் என் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குகிறார். அந்தப் பணத்தில் என் வீட்டையே வாங்குகிறார். அப்புறம் என்னையே அதில் குடிவைத்து, நான் தரும் வாடகையில் வட்டி கட்டுகிறார். வட்டி எவ்வளவு? ஹெட்ஜ் ஃபண்டு என்ற தனியார் முதலீட்டு நிதிகளிடம் வாங்கிய பகுதிக்கு 14.25 சதவீதம், 2010-ல் 16.25. நம் பக்கத்துக் கந்துவட்டிக்காரர்களுக்கு இது சில்லறையாக இருக்கலாம். லண்டன் கணக்கில் இதற்குப் பெயர் கந்துவட்டிதான்.

இப்போது நான் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன், நடுவர் அவர்களே. இவ்வளவு பெரிய கடனை எதை நம்பிக் கொடுத்தார்கள்? ஆட்டக்காரர்களை நம்பியா? அவர்களுக்குக் கணுக்கால் பிசகினால் போச்சு. கோப்பைகளை நம்பியா? கோப்பை இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போகும். செங்கலையும் புல்லையும் விற்றால் என்ன தேறும்? கடன் கொடுத்தவர்கள் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தை. இந்த ஊர்க்காரன் தோற்றாலும் வருவான், விலை ஏற்றினாலும் வருவான், முதலாளியைத் திட்டிக்கொண்டாவது வருவான், அவன் மகனும் வருவான். அடகுக் கடைத் தராசில் ஏறியது அந்த விசுவாசம்தான். அக்கா சொன்ன தாய்ப்பாசம் இருக்கிறதே, அதற்குத்தான் ரசீது போட்டார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? டிக்கெட் விலை வருஷா வருஷம் ஏறியது. சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் கோப்பை ஆட்ட டிக்கெட்டுகளையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும் என்று கட்டாயம் வந்தது. ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமென்றால் சோப்பும் வாங்கு என்பார்களே, அதே கதை.

2010-ல் பெரிய எழுச்சி வந்தது, மறுக்கவில்லை. 1878-ல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் பிறந்த காலத்துப் பச்சை, பொன் நிறங்களைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டு முழுக்க ரசிகர்கள் நின்றார்கள். மார்ச் 10-ம் தேதி ஏசி மிலான் அணிக்காக ஆட வந்த பழைய யுனைடெட் ஆட்டக்காரர் டேவிட் பெக்கம், ஆட்டம் முடிந்து போகும்போது யாரோ வீசிய அந்தத் துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் புல்லரித்தது. ஆனால் புல்லரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள். முதலாளியைத் திட்டும் பாட்டை முதலாளிக்கே காசு கொடுத்துவிட்டுப் பாடினார்கள். அவர் எதற்குக் கவலைப்பட வேண்டும்? இரண்டே வருஷத்தில், 2012-ல், கிளேசர் குடும்பம் நியூயார்க் பங்குச் சந்தையில் பங்கை 14 டாலருக்கு விற்றது.

எதிரணித் தம்பி 1999-ஐ எடுத்துச் சொன்னார். ரூபர்ட் மர்டாக்கின் பி ஸ்கை பி தொலைக்காட்சி நிறுவனம் 62.3 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டை வாங்க வந்தது; ரசிகர்கள் ஒன்றாக நின்றார்கள்; அரசாங்கம் அந்த விற்பனையைத் தடுத்தது. உள்ளே இருந்துதானே ஜெயித்தார்கள் என்றார். நல்ல உதாரணம், என் அணியில் யாருக்காவது தோன்றியிருக்கலாம். ஆனால் தேதியைப் பாருங்கள் தம்பி. அது விற்பதற்கு முன்பு நடந்த சண்டை. அப்போது தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது, போட்டி ஆணையம் என்று ஒன்று விசாரித்தது. பத்திரம் பதிவான பிறகு எந்த அலுவலகத்துக்குப் போய் மனு கொடுப்பது?

சரி, வெளியேறினால் வேலை நடக்குமா? லிவர்பூலைப் பார்ப்போம். 2016-ல் புதிய மெயின் ஸ்டாண்டில் ஒரு டிக்கெட் 77 பவுண்டு வரை என்று அறிவித்தார்கள். பிப்ரவரி 6, சண்டர்லாண்டுடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 முன்னிலை. 77-வது நிமிஷம் வந்ததும் ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து நடையைக் கட்டினார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நாமெல்லாம் தோற்கும் மேட்ச்சிலேயே கடைசிப் பந்துவரை உட்கார்ந்திருக்கும் ஜாதி. அவர்கள் போன பிறகு சண்டர்லாண்டு இரண்டு கோல் போட்டு ஆட்டம் 2-2. ரசிகன் போனதால்தான் அணி தளர்ந்தது என்று எதிரணி சொல்லும், சொல்லட்டும். நான்கு நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையை விலக்கிக்கொண்டார்கள். எத்தனை வருஷம் பாடினால் இது கிடைத்திருக்கும்?

சூப்பர் லீக் கதையும் இதுதான். 2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு. பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் தங்களுக்குள் தனிப் போட்டி நடத்திக்கொள்வதாக அறிவித்தன. ஆறு இங்கிலாந்து கிளப்புகள் அதில் உண்டு. செவ்வாய்க்கிழமை செல்சி ரசிகர்கள் தங்கள் மைதானமான ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜுக்கு வெளியே தெருவை மறித்து நின்றார்கள். பழைய கோல் கீப்பர் பீட்டர் செக் வெளியே வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. அறிவித்து ஏறக்குறைய 48 மணி நேரத்தில் ஆறு கிளப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. அது கோவிட் காலம். உள்ளே உட்கார்ந்து போராடுவதற்கு ஸ்டாண்டில் இடமே தரப்படவில்லை. ஜென்மப் பகையாளிகளான ஆறு கிளப் ரசிகர்களும் ஒரே குரலில் பேசிய வாரம் எது என்று கேட்டால், எல்லோரும் கேட்டுக்கு வெளியே இருந்த அந்த வாரம்தான். மே 2-ம் தேதி ஓல்டு டிராஃபோர்டில் கூடிய கூட்டத்தால் யுனைடெட் - லிவர்பூல் ஆட்டமே தள்ளிப்போனது.

இதில் எனக்குச் சங்கடமான இடம் ஒன்று இருக்கிறது. மறைக்க மாட்டேன். 2005-லேயே சில ஆயிரம் பேர் யுனைடெட்டை விட்டு வெளியேறி எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தக் கிளப் தொடங்கினார்கள். ஓர் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. 2015-ல் சொந்த மைதானம் கட்டி மே 29 அன்று போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகாவை அழைத்து ஆடித் திறந்தார்கள். 1968-ல் யுனைடெட் அதே பென்ஃபிகாவை வென்று ஐரோப்பியக் கோப்பை வாங்கிய தேதி அது. வெளியே போனவன் எதை மறக்கவில்லை என்று பாருங்கள். ஆனால் கிளேசர் குடும்பம் இன்னும் போகவில்லை. பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் 2024-ல் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் வாங்கி உள்ளே வந்தார், ஓட்டுரிமையில் பெரும்பான்மை கிளேசர்களிடமேதான். எஃப்சி யுனைடெட் இன்னும் லீக் ஏணியின் கீழ் அடுக்குகளில் ஆடிக்கொண்டிருக்கிறது. பார்த்தாயா, வெளியேறி என்ன கிழித்தார்கள் என்று அக்கா கேட்பார்.

காரணம் சொல்கிறேன். அவர்கள் எழுந்த நாற்காலி காலியாகவே இல்லை. வேறு ஆள் உட்கார்ந்தார். யார் அந்த வேறு ஆள்? நடுவர் அவர்களே, நாம்தான். ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, ஆன்லைனில் ஜெர்சி வாங்கி, வாழ்க்கையில் ஒருமுறை ஓல்டு டிராஃபோர்டு போய் செல்ஃபி எடுத்தால் போதும் என்று ஆசைப்படுகிற நாம். அந்த ஊர்க்காரன் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும், உலகம் முழுக்கப் பல கோடி ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று முதலாளி கணக்குச் சொல்லும்போது அந்தக் கோடியில் என் தலையும் எண்ணப்படுகிறது. நான் ஜெர்சி வாங்குவதை நிறுத்திவிட்டேன். மேட்ச் பார்ப்பதை நிறுத்தவில்லை, அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஒற்றுமை பற்றி ஒரு வார்த்தை. வெளியேறுகிறவன் குடும்பத்தைப் பிரிக்கிறான் என்பது எதிரணியின் பெரிய குற்றச்சாட்டு. பரி என்ற ஊர்க் கிளப், 1885-ல் பிறந்தது. 2018 கடைசியில் ஒரு பவுண்டுக்குக் கைமாறி, 2019 ஆகஸ்டில் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. அங்கே கடைசிவரை உள்ளே இருந்த விசுவாசியையும் பூட்டிய கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். அப்புறம் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் புதுக் கிளப் தொடங்கியது, இன்னொரு கூட்டம் பழைய பெயரையும் மைதானத்தையும் மீட்கப் போனது. பங்காளிச் சண்டைதான், மறைக்க என்ன இருக்கிறது? 2022-ல் இணைப்புக்கு ஓட்டெடுத்தார்கள், தேறவில்லை. 2023-ல் மறுபடி எடுத்தார்கள், சேர்ந்தார்கள். அதே வருஷம் பழைய கிக் லேன் மைதானத்தில் பரி ஆடியது. பிரிந்தவர்கள் திரும்பிச் சேர முடிந்தது, ஏனென்றால் ஓட்டு அவர்கள் கையில் இருந்தது. ஒரே மைதானத்தில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் எழுபதாயிரம் பேருக்கு அந்த ஓட்டு இருக்கிறதா?

மணியைத் தொடாதீர்கள் ஐயா, விம்பிள்டன் பாக்கி இருக்கிறது. இந்தக் கதைக்காகத்தான் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

1988-ல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்ஏ கோப்பை வாங்கிய லண்டன் கிளப் விம்பிள்டன். 1991-ல் தங்கள் பிளௌ லேன் மைதானத்தை விட்டு வாடகை மைதானத்துக்குப் போனார்கள். முதலாளிகள் அதோடு நிற்கவில்லை. கிளப்பையே பெயர்த்து, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். 2002 மே 28, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் குழு இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் வேண்டுமானால் புதுக் கிளப் தொடங்கட்டுமே என்ற யோசனைக்கு, அது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று அந்தக் குழு எழுதியது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? விம்பிள்டன் பொதுத் திடலில் ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சில வாரத்தில் ஏஎஃப்சி விம்பிள்டன் ஒன்பதாம் அடுக்கு லீகில் இறங்கியது. அந்த சீசன் பழைய கிளப்பின் சில ஆட்டங்களுக்கு ஆயிரம் பேர்கூட இல்லை. ஒன்பதாம் அடுக்கில், கயிறு கட்டிய மைதானங்களில், புதுக் கிளப்புக்குச் சராசரியாக மூவாயிரம் பேர். 2003 ஜூனில் பழைய கிளப் திவாலாகி, கடனைத் தீர்க்க நியமிக்கப்பட்ட நிர்வாகிகள் கைக்குப் போனது. இவர்கள் லீக் ஆட்டங்களில் 78 முறை தொடர்ந்து தோற்காமல் ஆடினார்கள். ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலே ஏறி 2011-ல் நான்காம் அடுக்குக்கு, அதாவது ஃபுட்பால் லீகுக்குள், நுழைந்தார்கள். பிளௌ லேனில் புது மைதானம் கட்டும்போது பணம் பற்றவில்லை. வெளியாளிடம் பங்கைக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, கடன் பத்திரம் வெளியிட்டு ரசிகர்களிடமே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். இந்த முறை கடன் கொடுத்தவனும் ரசிகன், வாங்கியவனும் ரசிகன்.

மணி அடித்துவிட்டார், ஒரே நிமிஷம். 2020 நவம்பர் 3. பழைய மைதானம் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், 29 வருஷத்துக்குப் பிறகு சொந்த ஊரில் முதல் ஆட்டம். டான்காஸ்டர் ரோவர்ஸுடன் 2-2. கோவிட் கட்டுப்பாடு, ஸ்டாண்டில் ஒரு ரசிகர் கிடையாது. பதினெட்டு வருஷம் சுமந்து கொண்டுவந்து சேர்த்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே, வீட்டில் திரை முன்னால். அக்கா, அந்த ராத்திரி பிளௌ லேனுக்கு உள்ளே இருந்தது யார், வெளியே இருந்தது யார்? நீங்களே சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.