பேடு கட்டிய வாசகர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பேச இத்தனை நிமிடம் எதற்கு, அரை நிமிடம் போதுமே என்று நீங்கள் சிரிப்பது இந்த ஒலிப்பதிவு அறை வரைக்கும் கேட்கிறது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

புத்தகம் படிக்கிற ஆட்டக்காரரைக் கேலி செய்தவர்களில் பெரிய கை, இங்கிலாந்தின் டபிள்யூ. ஜி. கிரேஸ். நெஞ்சுவரை தாடி, முதல்தர ஆட்டங்களில் 54,000 ரன்களுக்கு மேல். ஒரு நாள், ஆட்டக்காரர்களின் அறையில் யாரோ புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "எந்நேரமும் படித்துக்கொண்டே இருந்தால் ரன் எங்கிருந்து வரும்? நான் அந்த வம்புக்கே போவதில்லை" என்றாராம்.

இத்தனைக்கும் அவர் டாக்டர்! மருத்துவம் படிக்கச் சேர்ந்தது 1868இல், தேறி வெளியே வந்தது 1879இல். பதினோரு வருடம். நடுவில் ரன் மட்டும் குறையவேயில்லை, ஆக அவர் கொள்கை நிரூபணமாகிவிட்டது. 1891இல் அவர் பெயரில் வந்த கிரிக்கெட் புத்தகத்தைக்கூட வேறொருவர்தான் எழுதிக்கொடுத்தார். படிப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. என்ன நிம்மதி!

ஆனால் எழுத்துலகம் அவரைச் சும்மா விடவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் நன்றாகவே கிரிக்கெட் ஆடுவார். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது ஒரே ஒரு விக்கெட். 1900இல் எடுத்த அந்த விக்கெட் யாருடையது தெரியுமா? கிரேஸுடையது. மனிதர் அதைப் பற்றி ஒரு கவிதையே எழுதிவிட்டார். கிரேஸ் அதற்குள் 110 அடித்து முடித்திருந்தார் என்பது வேறு விஷயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் ஆடுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். நான்காவதாக மட்டை பிடிக்க இறங்குகிறவர் காலுக்குப் பேடு என்ற கவசத்தைக் கட்டிக்கொண்டு, மூன்றாம் பந்திக்குக் காத்திருக்கும் கல்யாண விருந்தாளி மாதிரி எட்டிஎட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைப்பேசியைத் தட்டலாம் என்றால் அதுவும் முடியாது. சூதாட்டத் தடுப்பு விதிகளின்படி, சர்வதேச ஆட்டங்களில் அதையெல்லாம் முதலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மீண்டும் சொல்கிறேன், காத்திருப்பதுதான் அதிகம். அந்த நேரத்தை என்ன செய்வது?

2017 மகளிர் உலகக் கோப்பை. டெர்பியில் இங்கிலாந்துடன் முதல் ஆட்டம். அன்றைய நம் அணித் தலைவி மித்தாலி ராஜ், ஜோத்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பேடு கட்டி உட்கார்ந்து பாரசீகக் கவிஞர் ரூமியின் கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கிண்டில் என்ற மின்னூல் கருவியில் படிப்பவர், அதற்கு அனுமதி இல்லையாம். களத்தடுப்புப் பயிற்சியாளர் பிஜு ஜார்ஜிடம் அச்சுப் புத்தகத்தை இரவல் வாங்கினார். தொடக்க ஜோடி ஸ்மிருதி மந்தனாவும் பூனம் ராவத்தும் 144 ரன் சேர்த்து, தலைவிக்குத் தாராளமாகப் பக்கங்களை ஒதுக்கித் தந்தார்கள். அப்புறம் மித்தாலி எழுந்துபோய் 71 அடித்தார். ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ச்சியாக ஏழாவது அரைச்சதம், உலக சாதனை. கிரேஸ் தாத்தா, கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?

ரூமி என்றதும் ஊரே மெச்சியது. எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை உண்டா? 2019இல் ஆன்டிகுவா டெஸ்டின்போது விராட் கோலி கையில் ஒரு புத்தகத்தோடு படத்தில் சிக்கினார். தலைப்பு 'டிடாக்ஸ் யுவர் ஈகோ'. அகந்தையைக் கழுவுவது எப்படி என்று பாடம் சொல்லும் புத்தகம். முதல் இன்னிங்ஸில் அவர் எடுத்தது 9 ரன். போதாதா! இணையமே விழுந்து விழுந்து சிரித்தது. எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, பாருங்கள். சிரித்தவர்கள் படித்ததெல்லாம் அட்டையை மட்டும்தான்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது: பழுப்புத் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டியிருக்கலாமே! பாடப்புத்தகத்துக்குள் வார இதழை ஒளித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அவரோ ஒளிக்கவே இல்லை. அந்தத் தலைப்பை அத்தனை கேமராவுக்கு நடுவில் தூக்கிப் பிடித்துப் படிக்கிறவருக்கு அகந்தை பாதி கரைந்திருக்கும் என்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். இங்கிலாந்து அணியின் முன்னாள் தலைவர் மைக் பிரியர்லிக்கென்று பாதி நேரத்தை வைத்திருந்தேன், போச்சு! கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்தவர், பிற்பாடு உளப்பகுப்பாய்வாளர். 39 டெஸ்ட் ஆடியும் ஒரு சதம்கூட இல்லை, கிரேஸ் கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் தலைவராக 31 டெஸ்டில் 18 வெற்றி, நான்கே தோல்வி. அப்புறம் சாமுவேல் பெக்கெட், இலக்கிய நோபல் வாங்கியவர், முதல்தர கிரிக்கெட்டும் ஆடியிருக்கிறார், இரண்டே ஆட்டம், அந்தக் கதை... இல்லை, நேரமில்லை. வணக்கம்.