வைக்கோலை எரிக்காதீர்கள், எழுவான்கரைக்கு அனுப்புங்கள்!

[காட்சி: அறுவடை முடிந்த வயல், எரியும் வைக்கோல்]

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எழும் இந்தப் புகையைப் பாருங்கள். வாவிக்கு இக்கரையில், கிழக்கே எழுவான்கரையில், சுடு மணலில் கத்தரிக்கன்று வாடிக் கிடக்கும் வீட்டுக்காரருக்கு இது காசு எரியும் புகை! வணக்கம் நேயர்களே. மேட்டுப்பாத்தியில் ஈரம் காக்க வைக்கோலை மூடாக்காக, அதாவது மண்ணுக்குப் போர்வையாகப் போடுவதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

மேட்டுப்பாத்தி ஏன் என்று 2024 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மழை ஒரேயடியாகக் கொட்டும்போது, ஓரடி உயர்த்திய பாத்தியில் வேர் அழுகாமல் தப்பும். அவ்வளவுதான்.

சிக்கல் அதன் பிறகுதான். மாரியில் செடியைக் காத்த அதே உயரம், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் அதற்கு எதிரியாகிறது. மேலே மட்டுமல்ல, நான்கு பக்கமும் வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சுகின்றன. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்தில் இல்லை.

[காட்சி: பாத்தி, கிட்டத்தில்]

இந்தப் பாத்தியில் பாதியை வெறுமையாக விட்டு, பாதிக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டிருக்கிறோம். வெறும் மணலில் விரலை விட்டால் சுடுகிறது. தோண்டத் தோண்டப் பொலபொலவென்று சரிகிறது. வைக்கோலை விலக்கினால், அடியில் மணல் குளிர்ந்து, விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரே பாத்தி, ஒரே தண்ணீர்! எனக்கு இதைப் பார்த்துச் சலிப்பதே இல்லை.

நான்கு விரல் தடிப்புப் போதும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். வைக்கோலை மண்ணோடு கிளறிவிடாதீர்கள். அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்ள, இலை மஞ்சளாகும். வைக்கோலில் தங்கிய நெல் முளைத்தால் பிடுங்கிவிடுங்கள். பெரும்போகம், அதாவது மாரிகால நெற்செய்கை, தொடங்கிவிட்டதென்று பசளை மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம்!

மாரியிலும் மூடாக்கு வேண்டும். மழைக்குப் பின் கத்தரி இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் மணல் அப்பியிருக்கும். துளி விழும் வேகத்தில் தெறிக்கும் அந்த மண்ணோடு பூஞ்சண வித்துகளும் இலைக்கு ஏறுகின்றன. வைக்கோல் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது.

புதிதாகப் பாத்தி கட்டுபவர்கள் அடியில் ஊறவைத்த பொச்சுமட்டைகளை (தேங்காய் உரிமட்டை) குழிவுப்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். வடியும் தண்ணீரை அவை பிடித்து வைக்கும்.

இனி என் ஆதங்கம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிகிறது. வெயில் ஏறத் தொடங்குவதும் அப்போதுதான். இதைவிடப் பொருத்தமான காலம் கிடைக்குமா? முன்பு மண்முனையில் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏற்றி வாவியைக் கடக்க வேண்டும். 2014 முதல் பாலமே இருக்கிறது. ஆரையம்பதியில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரு லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) வைக்கோலைக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பேசி எடுத்தால் என்ன? மாட்டுக்குப் போக மிஞ்சுவதைத்தான் கேட்கிறேன். மாட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் போட்ட மூடாக்கை மாலைக்குள் முற்றம் முழுக்கப் பரப்பிவிடும். பழைய மீன்வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்தால் ஓணான் சிக்கிக்கொள்ளும். வேறு வழி வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள், எங்கள் வீட்டுச் சேவலுக்கும் உதவும்.