பல்லா, கண்ணா? நள்ளிரவில் தொடங்கும் ஓர் அமெரிக்க வரிசை

(திரையில்: இருண்ட வாகன நிறுத்துமிடம், விளக்கணைத்த கார்கள், கார்களுக்குள் உறங்கும் குடும்பங்கள்)

உங்களுக்குக் கடைவாய்ப் பல் பல மாதங்களாக வலிக்கிறது. கண்ணும் மங்கிக்கொண்டே வருகிறது. இரண்டுக்கும் காசு வாங்காமல் சிகிச்சை தரும் முகாம் ஒன்று ஊருக்கு வந்திருக்கிறது, ஆனால் நேரம் போதாது என்பதால் பல், கண் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தயாராக வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? விடையைக் கருத்துப் பகுதியில் எழுதிவிட்டுத் தொடர்ந்து பாருங்கள், ஏனெனில் இது கற்பனைக் கேள்வியல்ல. உலகிலேயே மருத்துவத்துக்கு மிக அதிகமாகச் செலவிடும் நாடான அமெரிக்காவில், 'ரிமோட் ஏரியா மெடிக்கல்' என்னும் தொண்டு நிறுவனத்தின் நடமாடும் முகாமுக்கு வருகிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவு இது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு வேலை தரும் நிறுவனம் வழியாகக் காப்பீடு கிடைக்கிறது; 65 வயதைக் கடந்தவர்களுக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்று அரசுத் திட்டங்கள் உள்ளன; இவை எதிலும் சேராமல் நடுவில் விழுந்துவிடுகிறவர்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர்.

இனி, இந்த முகாம்களைத் தொடங்கிய மனிதரின் கதைக்கு வருவோம். ஸ்டான் ப்ரோக் இங்கிலாந்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போய், ருபுனுனிப் புல்வெளியில், வப்பிஷானா பழங்குடி மக்களோடு மாடு மேய்க்கும் வேலை பார்த்தார். ஒரு நாள் முரட்டுக் குதிரை ஒன்று அவரைப் படுகாயப்படுத்தியது. இருப்பதிலேயே மிக அருகிலிருந்த மருத்துவர் எவ்வளவு தொலைவில் இருந்தார் தெரியுமா? 26 நாள் நடைத் தொலைவில். பிற்காலத்தில், அப்போலோ 14 பயணத்தில் நிலவில் கால்பதித்த எட்கர் மிட்செலிடம் இதைச் சொன்னபோது, நிலவில் இருந்த தமக்கே மருத்துவர் மூன்று நாள் தொலைவில்தான் இருந்தார் என்று அவர் திகைத்துப்போனதாக ப்ரோக் நினைவுகூர்ந்திருக்கிறார். நிலவை விடத் தொலைவான இடம் பூமியிலேயே இருந்திருக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

அப்படிப்பட்ட காட்டு ஊர்களுக்கு மருத்துவர்களை விமானத்தில் கொண்டுபோய் இறக்குவதற்காகவே 1985-இல் அவர் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் 1992-இல் அழைப்பு அமெரிக்காவிலேயே உள்ள டென்னசி மாநிலத்தின் ஸ்னீட்வில் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. பல் மருத்துவர் நாற்காலியைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே வரிசையில் நின்றது. ருபுனுனியில் மருத்துவரை எட்டாமல் தடுத்தது காடு. இங்கே தடுத்தது கட்டணச் சீட்டு. சாலை இருக்கிறது, கார் இருக்கிறது, ஆனாலும் மருத்துவர் அதே 26 நாள் தொலைவில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

(திரையில்: பள்ளி உடற்பயிற்சிக் கூடம், வரிசையாகப் பல் மருத்துவ நாற்காலிகள்)

முகாம் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில், ஒரு பள்ளியிலோ கண்காட்சித் திடலிலோ நடக்கும். முந்தின நள்ளிரவுக்குள் வாகன நிறுத்துமிடத்தைத் திறந்துவிடுவார்கள். வருகிற வரிசைப்படி டோக்கன் கிடைக்கும். விடியற்காலை ஆறு மணி அளவில் எண்களை அழைக்கத் தொடங்குவார்கள். அடையாள அட்டை, வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை என்று எதையும் கேட்பதில்லை. கண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பார்வையைச் சோதித்து, அவரே ஃபிரேமைத் தேர்ந்தெடுத்ததும், அங்கேயே நிற்கும் வண்டிக்குள் இருக்கும் பட்டறையில் லென்ஸைத் தேய்த்துக் கண்ணாடியைச் செய்கிறார்கள். கண்ணாடிக் கடையையே சக்கரத்தின்மேல் தூக்கி வைத்தது போன்ற அந்த வண்டிதான் இந்த ஏற்பாடு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது.

பல்லைத் தேர்ந்தெடுத்தவரின் கதை அவ்வளவு இனிப்பானது அல்ல. அமெரிக்கக் காப்பீட்டில் வாய் மட்டும் உடம்பைச் சேர்ந்ததாகக் கருதப்படுவதில்லை. மருத்துவக் காப்பீடு இருப்பவருக்கும் பல்லுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். 1965-இல் மெடிக்கேர் சட்டம் இயற்றியபோதே வழக்கமான பல் சிகிச்சையையும் மூக்குக் கண்ணாடியையும் விலக்கி வைத்தார்கள். மெடிக்கெய்ட் திட்டத்தில் பெரியவர்களின் பல்லைச் சேர்ப்பதும் சேர்க்காததும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம். வர்ஜீனியா 2021-இலும் டென்னசி 2023-இலும்தான் முழுமையாகச் சேர்த்தன. ஆகவே சொத்தை சிறிதாக இருக்கும்போது அடைக்க வழியில்லாமல், வலி நிவாரணி மாத்திரையில் ஆண்டுகளைத் தள்ளிவிட்டுத்தான் பலர் முகாமுக்கு வருகிறார்கள். ரூட் கெனால் என்னும் வேர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பல அமர்வுகள் தேவை, முகாமோ ஞாயிறோடு மூடிவிடும். எனவே காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களையும் பிடுங்க வேண்டியதாகிறது. ஒரே நாளில் பல பற்களை இழந்து, அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த நன்றியைத்தான் என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

இவர்கள் மட்டும்தான் இப்பணியைச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தென்மேற்கு வர்ஜீனியாவின் 'ஹெல்த் வேகன்' 1980-இல் ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் தொடங்கியது. பாஸ்டனில் 'ஃபேமிலி வேன்' 1992-இல் ஓடத் தொடங்கியது.

இன்னொரு தடையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மருத்துவ உரிமத்தை மாநிலங்களே தருவதால், பக்கத்து மாநில மருத்துவர் இலவசமாகச் சிகிச்சை அளிக்க விரும்பினாலும் எல்லை தாண்டினால் சட்டம் தடுக்கும். டென்னசி 1995-இல் இதைத் தளர்த்தியது. 2009-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே எட்டு நாள் முகாம் நடந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். வெளிமாநில மருத்துவர்களுக்கு அனுமதியில்லை. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவும் சட்டத்தை மாற்றியது.

சம்பளம் வாங்காமல், பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் தரையில் பாய் விரித்து உறங்கி வாழ்ந்த ப்ரோக், 2018-இல் தம் 82-ஆம் வயதில் மறைந்தார். முகாம்கள் தொடர்ந்து நடக்கின்றன. அமெரிக்காவில் உரிமம் பெற்ற தமிழ்ப் பல் மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஆண்டில் ஒரு சனி, ஞாயிறை இதற்கு ஒதுக்குங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். நள்ளிரவில் கொடுத்த டோக்கன்களில் எத்தனை எண்கள் அழைக்கப்படும் என்பது, விடியும்போது எத்தனை மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.