ஒரு சோறு பதம்: நோயெதிர்ப்பியல் ஆய்வாளரை எடைபோடுவது எப்படி?

அவைத் தலைவர் அவர்களே, துணைவேந்தர் அவர்களே, முன்னிலை வகிக்கும் புல முதன்மையர் அவர்களே, சிறப்பான வாழ்த்துரை வழங்கி என் நேரத்தில் பாதியையும் அன்போடு எடுத்துக்கொண்ட பதிவாளர் அவர்களே, நூலகர் பெருமக்களே, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஓர் ஆய்வாளரின் வெளியீடுகளையும் அவற்றின் தாக்கத்தையும் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். எண்ணிக்கை, தரம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் என்று மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்தேன். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள் பெரியவர்கள். சோற்றை நசுக்கிப் பார்க்கச் சொன்னார்களே தவிர, பருக்கையை எண்ணச் சொல்லவில்லை!

நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலர் எச் இண்டெக்ஸ் என்ற அளவைத் தந்தார். குறைந்தது எத்தனை கட்டுரைகள் அத்தனை முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றனவோ, அந்த எண்தான் எச். ஒருவருடைய ஆறு கட்டுரைகள் முறையே 40, 22, 9, 6, 5, 3 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் 5. முதல் கட்டுரையின் 40 நாளைக்கே 4,000 ஆனாலும் எச் அதே 5தான். துறையையே புரட்டிப்போட்ட கட்டுரை அந்த எண்ணுக்குள் காணாமல் போய்விடும்.

இங்கே ஒரு கோழிக் கதை சொல்லியாக வேண்டும். 1950-களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், கோழியின் ஆசனவாய்ப் பக்கம் இருக்கும் ஃபாப்ரிசியஸ் பை எதற்கு என்று கண்டுபிடிக்கக் குஞ்சுகளிலிருந்து அதை வெட்டி எடுத்தார். ஒரு மாற்றமும் தெரியவில்லை. கோழிகள் சும்மா நின்றன. டிமத்தி சாங் என்ற சக மாணவருக்கு, உடல் கிருமிக்கு எதிராகச் சுரக்கும் எதிர்ப்பொருள் உண்டாவதை வகுப்பில் செய்துகாட்டக் கோழி தேவைப்பட்டது. கிளிக்கிடம் வாங்கிப்போய் எதிர்ப்பொருளைத் தூண்டும் சால்மொனெல்லா பாக்டீரியா ஆன்டிஜெனைச் செலுத்தினார். சில கோழிகள் செத்தன. பிழைத்தவற்றிலும் எதிர்ப்பொருள் இல்லை. வகுப்பு சொதப்பல்! பட்டியலைப் புரட்டிப் பார்த்தால், அவை பை நீக்கப்பட்ட கோழிகள். வளர்ந்த பிறகு வெட்டியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. அதற்குள் எதிர்ப்பொருள் தரும் செல்கள் பையை விட்டு மண்ணீரலுக்குக் குடிபோயிருக்கும். கட்டுரை ‘சயின்ஸ்’ இதழுக்குப் போனது, திரும்பி வந்தது. கடைசியில் 1956-இல் ‘பௌல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழி வளர்ப்பு இதழில் வெளியானது. நோயெதிர்ப்பியலார் யார் அதைப் புரட்டப் போகிறார்கள்? மேக்ஸ் கூப்பர் குழு 1965-இல் நோயெதிர்ப்புச் செல்களில் டி செல், எதிர்ப்பொருள் தரும் பி செல் என்ற பிரிவினையைக் கோழியில் நிறுவியபோது அதற்கு அடித்தளமாக நின்றது இந்தப் பைதான். பி செல்லின் ‘பி’ என்ற எழுத்தே பர்சா என்ற அந்தப் பையின் பெயரிலிருந்து வந்தது. ‘போன் மேரோ’ என்ற எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தது என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேரோ!

இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் என்பது அந்த இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி. கட்டுரையின் மதிப்பு அன்று. ஒரு சில கட்டுரைகள் மேற்கோள்களை வாரிக் குவிக்கும், மற்றவை அவற்றின் நிழலில் நிற்கும். இதழை வைத்து ஆளை மதிக்காதீர்கள் என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிரகடனம் சொல்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். விண்ணப்பப் படிவத்தை மாற்றியவர்கள் எத்தனை பேர்?

சரி, ஒரு சோற்றை எப்படி நசுக்குவது? ஒளிரும் நிறமேற்றிய எதிர்ப்பொருளை ஒட்டிச் செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி படம் இருக்கும் கட்டுரை ஒன்றை எடுங்கள். ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்களைக் கழித்தார்களா? செத்த செல்லைச் சாயமிட்டு விலக்கினார்களா? செத்த செல் எந்த எதிர்ப்பொருளையும் பிடித்துக்கொள்ளும். இல்லாத செல் கூட்டம் படத்தில் முளைக்கும். பல நிறச் சோதனையில், ஒரு நிறத்தை மட்டும் விட்டு மற்றவற்றைச் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழாய் வைத்தார்களா? இல்லையென்றால் நிறம் ஏறிய செல்லைப் பிரிக்கும் ‘பாசிட்டிவ்’ எல்லைக்கோடு வரைந்தவர் கைபோன போக்கில்தான் நிற்கும். எதிர்ப்பொருளின் துல்லிய வகையைக் காட்டும் குளோன் பெயர் உண்டா? மூலக் கோப்பு பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறதா? பதினைந்து நிமிட வேலை இது. பானையின் பதம் தெரிந்துவிடும்.

மேடையில் இருக்கும் பெரியோர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தேர்வுக்குழுப் படிவத்தில் எச் இண்டெக்ஸ் கட்டத்தை எடுத்துவிடுங்கள். மூன்று கட்டுரைகளையும், ஒவ்வொன்றிலும் அவர் கைப்பட என்ன செய்தார் என்ற அரைப்பக்கக் குறிப்பையும், மூலத் தரவின் இணைப்பையும் கேளுங்கள். குழுவினர் ஒவ்வொருவரும் ஒன்றையாவது முழுக்கப் படித்துக் கையெழுத்திடட்டும். துணைவேந்தர் அவர்கள் தலையசைக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள் ஐயா!

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்குள் நுழைய நேரமில்லை. மணி இரண்டு முறை அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.